பெரியப்பாவின் தட்டச்சுக் கடைக்கு நான் பயன்படுத்தும் மென்பொருள் ஒத்துவருமா?

தாமிரக்கரை கேட்டது:

என் பெரியப்பாவுக்கு 63 வயது. தாலுகா ஆபீஸுக்கு எதிரில் 27 வருடமாகத் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறார். பட்டா மாறுதல் மனு, முதியோர் உதவித்தொகை மனு, வாடகை ஒப்பந்தம், கிரய ஒப்பந்தம் எல்லாம் அடித்துக் கொடுப்பார். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். மெஷின் போய்க் கணினி வந்த பிறகும் பழைய டைப்ரைட்டர் விசையமைப்பில்தான் அடிக்கிறார். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். காகிதத்தில் எந்த வரிசையில் தெரியுமோ அந்த வரிசையில்தான் அவர் விரல் போகும்.

கடையில் இருப்பது நான்காம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. அந்த விண்டோஸுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். புதிதாக ஒன்று வாங்க இப்போது கடையில் வசதி இல்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயக்குதளத்தைப் போடுவது என்று முடிவாகிவிட்டது.

எதை எப்படிப் போடுவது என்பதில்தான் குழப்பம். நான் ஏழு வருடமாக ஈமேக்ஸில்தான் (விசைப்பலகையாலேயே எல்லாம் செய்யும், நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய உரைத்திருத்தி) எழுதுகிறேன். திரையில் சாளரங்களைத் தானாகவே கட்டம் கட்டமாக அடுக்கும் மென்பொருள்தான் (சாளர மேலாளர்) என் கணினியில் இருக்கிறது. மவுஸைத் தொடுவதே அபூர்வம். பெரியப்பாவும் மவுஸைத் தொடப் பிடிக்காதவர். அவர் வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதருக்குத்தான் இந்தக் கருவிகள் பொருந்தும் என்று தோன்றுகிறது.

போன மாதம் ஒரு வாடகை ஒப்பந்தம் அடித்தார். பழைய ஒப்பந்தத்தைத் திறந்து, பெயர் வரும் இடங்களைக் கண்ணால் தேடி, அழித்து, புதிதாக அடித்தார். மூன்றாம் பக்கத்தில் பழைய வாடகைதாரர் பெயர் ஒரே ஓர் இடத்தில் தங்கிவிட்டது. முத்திரைத்தாளில் அச்சடித்த பிறகுதான் வீட்டுக்காரர் கண்ணில் பட்டது. தாள் காசைப் பெரியப்பாவே கொடுத்தார். அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணன் (பெரியப்பாவின் மகன்) சொல்வது: "அவர் சாதாரண ஆள். விண்டோஸ் மாதிரியே இருக்கிற எதையாவது போட்டுவிட்டுப் போ. உன் சாமான்களை அவர் தலையில் கட்டாதே." நான் படித்தது வேறு. மல்டிக்ஸ் என்ற பழைய இயக்குதளத்துக்கு பெர்னார்ட் கிரீன்பெர்க் என்பவர் 1978-ல் லிஸ்ப் என்ற நிரல் மொழியில் ஓர் ஈமேக்ஸ் எழுதினார். அவர் அலுவலகத்துச் செக்ரட்டரிகளே அதற்குப் புதிய கட்டளைகள் எழுதப் பழகிவிட்டார்களாம். அவர்களுக்குக் கிடைத்த கையேட்டில் இது 'புரோகிராமிங்' என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. அதனால் பயம் வரவில்லை. ஈமேக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2002-ல் ஓர் உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். செக்ரட்டரிகளால் முடிந்தது என் பெரியப்பாவால் முடியாதா?

இப்படி யாராவது வீட்டில், கடையில் செய்து பார்த்திருந்தால் நடந்ததைச் சொல்லுங்கள்.

பேரேடு எழுதியது:

தம்பி, நான் கணினி படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு 1998-ல் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே டாஸ் என்ற பழைய இயக்குதளத்தில் டாலி 4.5 (கணக்கு எழுதும் மென்பொருள்) இருந்தது. அந்த மேஜையில் மவுஸே கிடையாது. இன்றைக்குப் பதினோரு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி, நீங்கள் சொல்வதும் பாதி சரி.

முதலில் உங்கள் பக்கம். சாதாரண ஆளுக்கு விசைப்பலகை மென்பொருள் வராது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடைவீதிக்குப் போய்ப் பாருங்கள். டாலியில் எஃப் 4 கான்ட்ரா, எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரசீது, எஃப் 7 ஜர்னல், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்ச்சேஸ். இது தெரிந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை லட்சம் பேர் இருப்பார்கள்! பிளஸ் டூவோடு நின்றவர்கள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணினி முன்னால் உட்கார்ந்தவர்கள். அவர்களை யாரும் 'பவர் யூசர்' என்று கூப்பிட்டதில்லை.

என்னிடம் இருக்கும் பெண் சேல்ஸ் பில் போடுவதைச் சொல்கிறேன். இடது கை பில் கட்டின் மேல் இருக்கும். எஃப் 8. தேதி மாறினால் எஃப் 2. பார்ட்டி பெயரில் மூன்று எழுத்து அடித்தால் பட்டியல் சுருங்கி இரண்டு மூன்று பெயர் நிற்கும், என்டர். பார்ட்டி புதிது என்றால் இருந்த இடத்திலேயே ஆல்ட் சி அடித்து லெட்ஜர் திறந்துகொள்வாள். சரக்கு, அளவு, விலை. கண்ட்ரோல் ஏ. இடது கை அடுத்த பில்லைப் புரட்டியிருக்கும். கண் திரைக்குப் போவது கூட்டுத்தொகையைப் பார்க்க மட்டும். சேர்ந்த பதினைந்தாம் நாள் இந்த வேகம் வந்துவிட்டது.

அதே பெண்ணிடம் ஒரு நாள் "கம்பெனி பேக்கப்பைப் பென்டிரைவில் போட்டு எடுத்து வாம்மா" என்றேன். அரை மணி நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கை நடுங்குகிறது. எதை அமுக்கினால் எது அழிந்துபோகுமோ என்ற பயம்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சாதாரணப் பயனர், தேர்ந்த பயனர் என்று மனிதர்களைப் பிரிப்பதே தப்பு. ஒரே ஆள், ஒரே கணினி. தினமும் இருநூறு தடவை செய்கிற வேலையில் அவள் உங்களையும் என்னையும் தாண்டிப் போவாள். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற வேலையில் அவள் புது ஆள். நீங்கள் யோசிக்க வேண்டியது பெரியப்பா எப்படிப்பட்டவர் என்பதை இல்லை. அவருடைய வேலையில் எது தினமும் வருகிறது, எது எப்போதாவது வருகிறது என்பதைத்தான். தினமும் வருவதற்கு எவ்வளவு கூர்மையான கருவி வேண்டுமானாலும் கொடுங்கள், பழகிவிடுவார். எப்போதாவது வருவது (பிரிண்டர் நிற்பது, வைஃபை போவது, வாட்ஸப்பில் வந்த ஆதார் நகலை எடுப்பது) கண்ணுக்கு முன்னால் பெயர் எழுதி, படம் போட்டு இருக்க வேண்டும்.

இப்போது அண்ணன் பக்கம். டாலி எப்படி ஊர் ஊராகப் பரவியது என்று யோசியுங்கள். 1986-ல் பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கியது. சொந்தக் கணக்கை எழுதச் சரியான மென்பொருள் கிடைக்காமல் ஒரு வியாபாரி மகனிடம் எழுதச் சொன்ன மென்பொருள். ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வைக்காமல் பெயரையே அடிக்கவிட்டார்கள். கணக்குப்பிள்ளை பேரேட்டில் என்ன எழுதினாரோ அதேதான் திரையிலும். அடுத்தது, அந்த விசைகள் இடம் மாறவே இல்லை. 2020-ல் டாலி பிரைம் வந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மெனு எல்லாம் மாறியிருந்தது. எஃப் 8 அடித்தேன், சேல்ஸ் வந்தது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து வேலை ஓடியது. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பக்கத்துக் கடையிலும் அதே டாலிதான். நான் ஊரில் இல்லை என்றால் என் பெண்கள் எதிர்க்கடையில் போய்க் கேட்டுக்கொள்வார்கள்.

உங்கள் ஈமேக்ஸ் உங்கள் கைக்கு நீங்களே தைத்துக்கொண்ட சட்டை. ஏழு வருடமாக எத்தனை மாற்றம் செய்திருப்பீர்கள்! தாலுகா ஆபீஸ் வாசலில் அதைத் தெரிந்த இன்னொருவர் இருக்கிறாரா? இரவு ஏழு மணிக்கு ஒருவர் மறுநாள் கோர்ட்டுக்கு மனு வேண்டும் என்று வந்து நிற்கும்போது, நீங்கள் போனை எடுக்கவில்லை என்றால் அவர் யாரைக் கேட்பார்? அந்தச் செக்ரட்டரிகள் கதையை நான் நம்புகிறேன். ஆனால் எழுதியவரே அதே அலுவலகத்தில் இருந்தார், அதை மறக்காதீர்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். எதையும் நிறுவுவதற்கு முன் இரண்டு நாள் கடையில் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பேசாமல், கையில் ஒரு நோட்டோடு. எதை எத்தனை தடவை செய்கிறார் என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

இலுப்பைத்தோப்பு எழுதியது:

நான் செய்து பார்த்தவன். அப்பாவின் உரக்கடைக் கணினியில் நீங்கள் சொல்லும் அதே மாதிரிக் கட்டம் கட்டும் சாளர மேலாளரைப் போட்டேன். முதல் வாரம் அப்பாவுக்கும் பிடித்திருந்தது.

பிறகு ஒரு நாள் பில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஏதோ இரண்டு விசையில் கை சேர்ந்து பட்டிருக்கிறது. பில் இருந்த சாளரம் மறைந்து வெறும் திரை வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவது பணித்தளத்துக்கு (அதே கணினியில் இன்னொரு வெற்றுத் திரை) போயிருக்கிறார், திரும்பி முதலாவதுக்கு வந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். அது அவருக்கு எப்படித் தெரியும்? திரையில் அதைச் சொல்ல ஓர் எழுத்துகூட இல்லை. கீழே இருந்த பட்டையை அழகுக்காக நான்தான் மறைத்து வைத்திருந்தேன். பில் போய்விட்டது என்று நினைத்து நாற்பது வரியை முதலிலிருந்து அடித்திருக்கிறார். அதனால் ஒரே சரக்கு இரண்டு தடவை இருப்பில் கழிந்தது. ராத்திரி போனில் "தம்பி, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்போல இருக்கு" என்றார். தப்பு அவருடையது இல்லை. அந்த வாரமே ஊருக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மின்ட் (விண்டோஸ் சாயலில் இருக்கும் ஒரு லினக்ஸ்) போட்டுக் கொடுத்தேன்.

விசை எத்தனை இருந்தாலும் மனப்பாடம் ஆகிவிடும், அதில் பேரேடு அக்கா சொல்வது சரி. இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று திரை சொல்லாத மென்பொருளைத்தான் கொடுக்கக் கூடாது. அப்புறம் பிரிண்டர். எல்லா ஜெராக்ஸ் கடையிலும் இருக்குமே, அந்தச் சின்ன லேசர் பிரிண்டர்தான் பெரியப்பாவிடமும் என்றால் லினக்ஸில் அது ஓடுகிறதா என்று முதலில் பென்டிரைவிலிருந்து கிளப்பிப் பாருங்கள். அது ஓடவில்லை என்றால் மற்ற பேச்சே வேண்டாம்.

மெய்யெழுத்து எழுதியது:

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. நாம் பெருமையாகச் சொல்லும் கருவிகளில் பல ஆங்கிலம் அடிப்பவரை மனதில் வைத்துச் செய்தவை. நான் விம் என்ற உரைத்திருத்தியைப் பயன்படுத்துகிறேன். அதில் அடிக்கும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு. தமிழில் ஒரு வரி அடித்துவிட்டு எஸ்கேப் அமுக்கிக் கட்டளை நிலைக்கு வந்தால் உள்ளீட்டு முறை இன்னும் தமிழிலேயே இருக்கும். வரியை அழிக்க ஆங்கில 'd' விசையை இரண்டு தடவை தட்டினால் தமிழ்99 என்ற விசையமைப்பில் அது 'உ'. விம்முக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொரு தடவையும் மொழியை மாற்ற வேண்டும். விம்முக்குள்ளேயே விசைவரைபடம் வைத்தால் ஓரளவு சரியாகும், அதை அமைக்க எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் முனையம் இன்னும் மோசம்: பலவற்றில் 'கொ', 'கௌ' எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும், கர்சர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மனுவில் ஓர் எழுத்து மாறினாலே திருப்பி அனுப்புகிறார்கள், அங்கே இது ஆகாது.

ஈமேக்ஸ் இதில் மேல்தான். தமிழ் உள்ளீடு உள்ளேயே இருக்கிறது, கண்ட்ரோலும் பின்சாய்கோடும் அடித்தால் மாறும். ஆனாலும் அவருக்கு வேண்டிய கூர்மை லினக்ஸோடு வரும் ஆவண மென்பொருளான லிப்ரே ஆபீஸிலேயே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆட்டோடெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வரும் பத்திக்கு ஒரு சுருக்கம் வைத்துவிட்டால், சுருக்கத்தை அடித்து எஃப் 3 தட்டினால் முழுப் பத்தியும் வந்து விழும். உள்ளீட்டுப் புலங்கள் என்றும் ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்தை ஒரு தடவை அப்படித் தயார் செய்துவிட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 9 சேர்த்து அடித்ததும் வீட்டுக்காரர் பெயர், வாடகைதாரர் பெயர், வாடகை, முன்பணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்.

தமிழில் பெயருக்கு வேற்றுமை ஒட்டுமே, முருகனுக்கு, லட்சுமியிடம் என்று வருமே என்று கவலை வரும். 'அவர்கள்' இருக்கவே இருக்கிறது: முருகன் அவர்களுக்கு, லட்சுமி அவர்களிடம். அதைவிட, பழைய பத்திர எழுத்தர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பெயரை மேலே ஒரு தடவை எழுதிவிட்டு, 'நம்மில் 1 லக்கமிட்டவர்', 'நம்மில் 2 லக்கமிட்டவர்' என்றே கடைசிவரை போவார்கள். நாம் நிரலில் ஒரு மதிப்புக்குப் பெயர் சூட்டி ('மாறி') அந்தப் பெயரையே கடைசிவரை பயன்படுத்துவதும் இதுவும் ஒன்றேதான். பெரியப்பாவிடம் அந்த நடையிலேயே வாடகை ஒப்பந்தத்தையும் மாற்றலாமா என்று கேளுங்கள்.

விசையமைப்புக்கு ஐபஸில் (லினக்ஸில் மொழி உள்ளீட்டைக் கவனிக்கும் மென்பொருள்) எம்17என் என்ற விசையமைப்புத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் டைப்ரைட்டர் அமைப்பு வரும். ஒன்றிரண்டு குறிகள் அவர் பழகிய இடத்தில் இல்லாமல் போகலாம். முதலில் ஒரு முழுப் பக்கம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாமிரக்கரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி சனி, திங்கள் இரண்டு நாள் நோட்டோடு உட்கார்ந்தேன். 41 வேலை வந்தது. 19 பட்டா மாறுதல், 9 உதவித்தொகை, 6 வாடகை ஒப்பந்தம், மீதி கலவை. நிலத்துக்கு நான்கு எல்லை சொல்லும் செக்குபந்தியை மட்டும் பதினான்கு தடவை பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினார். சாளரம் மாற்றுவது என்ற வேலையே அவருக்குக் கிடையாது. ஒரே சாளரம், காலையிலிருந்து மாலைவரை. நான் ஆசைப்பட்ட கட்டம் கட்டுவது எனக்கு மட்டும் தேவைப்பட்டது என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மின்ட் போட்டோம். பிரிண்டர் முதலில் ஓடவில்லை, ஒரு முழு நாள் போனது, இப்போது ஓடுகிறது. விசையமைப்பில் இரண்டு குறிகள் மாறித்தான் இருந்தன. பெரியப்பா ஒரு பக்கம் அடித்துவிட்டு, சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தார். எம்17என் கோப்பு வெறும் உரைக்கோப்புதான். அதைத் திறந்து அவர் விரலுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். நான் ஏழு வருடம் கற்றது அந்த இரண்டு வரியில் பயன்பட்டது, எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

ஆட்டோடெக்ஸ்ட் காட்டியபோது சுருக்கங்களை நான் முடிவு செய்யவில்லை, அவரையே கேட்டேன். 'செப' என்றால் செக்குபந்தி. 'அநு' என்றால் 'அனுப்புநர், பெறுநர்' தலைப்பு. மனுவின் கடைசி வரிக்கு 'பணி' ('தங்கள் உண்மையுள்ள' என்று முடியும் பத்தி, ஏன் 'பணி' என்று அவருக்குத்தான் தெரியும்). ஒரு அட்டையில் அவர் கையெழுத்திலேயே எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். முதல் நாள் நான்கு இருந்தது, நேற்றுப் போனபோது எண்ணினேன், பதினேழு. பதின்மூன்றை அவரே சேர்த்திருக்கிறார், என்னைக் கேட்கவே இல்லை.

வாடகை ஒப்பந்தத்துக்குக் கேள்வி கேட்கும் புலங்களையும் வைத்தாயிற்று. அது மட்டும் அவருக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. "மொத்தத்தையும் கண்ணால பாத்துகிட்டே அடிச்சாதான் எனக்கு நம்பிக்கை" என்கிறார். அதனால் புலம் நிரப்பிய பிறகு ஒரு தடவை அச்செடுத்துப் பேனாவோடு படிக்கிறார். அந்தப் பழக்கத்தை நான் தடுக்கவில்லை.

ஒரு பிரச்சினை பாக்கி. பழைய கோப்புகள் ஆயிரத்துக்கு மேல், எல்லாம் வானவில் எழுத்துருவில். மின்ட்டில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடு குறிமுறைக்கு மாற்ற வேண்டும்.

மெய்யெழுத்து எழுதியது:

ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் பழைய குறிமுறைகளை யூனிகோடாக மாற்றும் பகுதி இருக்கிறது. இது உங்கள் வேலை, பெரியப்பா பக்கம் கொண்டுபோக வேண்டாம். மூலக் கோப்புகளைத் தொடாமல் தனி வட்டில் ஒரு நகல் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு பொறி இருக்கிறது, கவனம்: அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருந்தன. ஆவணத்தின் நடுவில் வேறு எழுத்துருவில் ஆங்கில எழுத்து ஏதாவது இருந்தால் மாற்றும் நிரல் அதையும் தமிழாக்கிவிடும். சர்வே எண் 112/3-க்குப் பக்கத்தில் இருக்கும் 'ஏ' உட்பிரிவு ஆங்கிலத்தில் இருந்திருந்தால், மாற்றிய பிறகு அது வேறு ஏதோ ஓர் எழுத்தாக நிற்கும்.

பேரேடு எழுதியது:

சர்வே எண்களைக் கணினியை நம்பி விடாதீர்கள். நாங்கள் வருடக் கடைசியில் இருப்புச் சரிபார்ப்பது மாதிரிச் செய்யுங்கள். பழைய அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு பெரியப்பா வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் திரையில் பாருங்கள். ஆயிரத்தையும் செய்ய வேண்டாம், ஒப்பந்தம், கிரயம் என்று திரும்பத் தேவைப்படுவதை மட்டும். ஒரு நாளைக்கு இருபது, கடை மூடுவதற்கு முன். அந்த அட்டையையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, மை மங்கிவிடும்.